அடாப்டர் எமிஷன் டெஸ்டில் ஃபெயில்: ஒய் கெபாசிட்டரைப் பெரிதாக்கலாமா?

எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டர், கண்டக்டட் எமிஷனில் (மெயின்ஸ் ஒயர் வழியே வெளியேறும் இரைச்சலில்) 200 கிலோஹெர்ட்ஸ் பக்கம் எல்லை தாண்டுகிறது. மெயின்ஸ் பக்கத்துக்கும் அவுட்புட் பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் 222 ஒய் கெபாசிட்டரை எடுத்துவிட்டு 472 போடலாமா என்பது கேள்வி. வேண்டாம்.

222 என்றால் 2.2 நானோஃபாரட், 472 என்றால் 4.7. 264 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் அதன் வழியே 0.22 மில்லியாம்பியர் கசியும், 472-இல் 0.47. இந்த வகைச் சாதனத்துக்குப் பழைய பாதுகாப்புத் தரமான ஐஇசி 60950-1 வைத்திருந்த வரம்பு 0.25; இப்போது அதன் இடத்தில் ஐஇசி 62368-1 வந்துவிட்டது, உங்களுக்குப் பொருந்தும் வரம்பை அதில் பாருங்கள். எமிஷனில் பாஸாகி சேஃப்டியில் மாட்டிக்கொள்ளலாம்.

அந்த அலைவரிசையில் வரும் இரைச்சல் பெரும்பாலும் லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஓடுவது. ஒய் அதைத் தொடவே தொடாது. லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே போடும் எக்ஸ் கெபாசிட்டர்தான் மருந்து. 0.1 மைக்ரோஃபாரட் இருந்தால் 0.47 போட்டுப் பாருங்கள். கூடவே அதில் தேங்கிய மின்னூட்டத்தை வடிக்கும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் கட்டாயம்: பழைய 60950-1 விதிப்படி, பிளக்கைப் பிடுங்கிய ஒரு நொடிக்குள் பின்னில் உள்ள மின்னழுத்தம் 37 சதவீதத்துக்கு இறங்க வேண்டியிருந்தது. 470 கிலோஓம் இரண்டைத் தொடராக வையுங்கள், 0.44 நொடி வரும். ஒன்றே போதும் என்று நினைக்காதீர்கள். 1206 அளவு சிப் ரெசிஸ்டர் பொதுவாக 200 வோல்ட்தான் தாங்கும்.

சில மெகாஹெர்ட்ஸுக்கு மேலே எகிறினால் கதை வேறு. அங்கே டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஷீல்டு சுற்று, ஒய் கெபாசிட்டருக்குக் குட்டையான டிராக். மறு டெஸ்டில் அவுட்புட் ஒயரை முதல் தடவை கிடத்தியபடியே கிடத்துங்கள். அது நகர்ந்தாலே ரீடிங் மாறும்.