முதுகில் பெயர் இருக்கிற சட்டை

வணக்கம் அண்ணா,

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். சின்ன வயதிலிருந்தே மரடோனா பைத்தியம். இத்தாலிய கால்பந்து கிளப்புகளின் பழைய ஜெர்சிகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் சேர்க்கும் ஆசை வந்துவிட்டது. போன மாதம் ஆன்லைனில் ஒருவரிடம் ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு நாப்போலி ஜெர்சி வாங்கினேன். நாப்போலி முதல் முறை சாம்பியன் ஆன 1986-87 சீசனின் ஒரிஜினல் என்று சொன்னார். வான நீலம். நெஞ்சில் மார்ஸ் என்று பெரிய எழுத்து. இத்தாலியக் கொடி நிறத்தில் ஒரு சின்னக் கேடயம். முதுகில் மரடோனா என்ற பெயரும் 10-உம். போட்டோவைப் பார்த்த நண்பன் 'இது டூப்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. விற்றவரோ சத்தியம் செய்கிறார். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இனி வாங்குவதென்றால் எதிலிருந்து தொடங்கலாம்?

ர.,
திருப்பூர்

அன்பின் தம்பிக்கு,

உங்கள் நண்பர் சொன்னது சரி. அது 1986-87 சட்டை இல்லை. மரடோனா நாப்போலியில் விளையாடிய 1984 முதல் 1991 வரையான காலத்தில் எந்தப் பருவத்துச் சட்டையும் இல்லை. ஆசையாக வாங்கிய பொருளைப் பற்றி இப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், மறைக்கக் கூடாது.

முதுகிலிருந்து தொடங்குவோம். இத்தாலியின் முதல் பிரிவான சீரி ஆ-வில் வீரரின் பெயரை முதுகில் போடும் வழக்கம் 1995-96 பருவத்தில்தான் வந்தது. ஒருவருக்கு ஆண்டு முழுவதும் ஒரே இலக்கம் என்பதும் அப்போது வந்ததுதான். அதற்கு முன்னால் அன்றைக்குக் களம் இறங்கும் பதினொரு பேருக்கு 1 முதல் 11 வரை. இலக்கம் ஆளுக்கு உரியதில்லை, ஆட்டத்துக்கு உரியது. மரடோனா போன பிறகு அந்த 10 ஜான்பிராங்கோ சோலாவின் முதுகுக்கு வந்தது. சட்டையில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை, ஏனென்றால் அதில் பெயரே கிடையாது. ஆகவே மரடோனாவின் பெயர் எழுதிய நாப்போலிச் சட்டை எதைக் கண்டாலும், அது அவர் போன பிறகு யாரோ செய்தது. இதைச் சொல்ல சட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கவே தேவையில்லை.

அப்புறம் மார்ஸ். முதல் பட்டம் வென்ற அணியின் நெஞ்சில் விளம்பரமாக இருந்தது புய்தோனி. அது பாஸ்தா செய்கிற நிறுவனம். மார்ஸ் 1988-இல் வந்து 1991 வரை இருந்தது.

மூன்றாவது, அந்தக் கேடயம். இத்தாலிய மொழியில் ஸ்குதெத்தோ, சின்னக் கேடயம் என்றுதான் பொருள். பட்டம் வென்ற அணி அடுத்த பருவம் முழுவதும் அதை நெஞ்சில் வைத்து ஆடும். 1924-இல் பட்டம் வென்ற ஜெனோவா அணிதான் முதலில் அணிந்தது. வென்ற பருவத்தின் சட்டையில் கேடயம் இருக்கவே முடியாது, ஏனென்றால் பருவம் முடிந்தால்தானே வென்றது யாரென்று தெரியும்? போலி செய்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது. 'சாம்பியன் சட்டை' என்றால் கேடயம் வைக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இத்தாலியக் கிண்ணத்தை வென்ற அணிக்கு வட்டமான மூவர்ணச் சின்னம் உண்டு. கோக்கார்தா என்பார்கள். நாப்போலி 1987-இல் லீக், கிண்ணம் இரண்டையும் வென்றது. ஆகவே புய்தோனி என்ற எழுத்தோடு கேடயமும் வட்டமும் சேர்ந்திருந்தால் அது 1987-88. இரண்டாவது பட்டம் 1990-இல் வந்தது. ஆகவே மார்ஸ் எழுத்தோடு கேடயம் இருந்தால் 1990-91. உங்களுடையதில் கேடயமும் மார்ஸும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, ஆனால் விற்றவர் சொன்ன பருவத்தோடு ஒத்துப்போகவில்லை. முதுகிலுள்ள பெயர் எதோடும் ஒத்துப்போகவில்லை.

நான் சட்டை பார்க்கிற முறை இவ்வளவுதான். சட்டையில் இருக்கிற ஒவ்வொரு அடையாளமும் ஒரு தேதி சொல்லும். அத்தனை தேதிகளும் ஒரே பருவத்தில் வந்து கூட வேண்டும். வீரரை விடுங்கள், பருவத்தைப் படியுங்கள். 'மரடோனா சட்டை' என்று தேடினால் ஆயிரம் போலி வரும். '1987-88 நாப்போலி' என்று தேடுகிறவரை ஏமாற்றுவது கடினம்.

இந்த விளம்பரதாரர் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1981-க்கு முன் சீரி ஆ சட்டைகளில் விளம்பரத்துக்கு அனுமதி இல்லை. துணி செய்த நிறுவனத்தின் சின்னத்துக்கு மட்டும் இடம் கொடுத்திருந்தார்கள். 1979-இல் பெருஜா அணி ஒரு வழி கண்டுபிடித்தது. பொந்தே என்ற பாஸ்தா நிறுவனம் அதே பெயரில் ஒரு விளையாட்டு உடை நிறுவனத்தைத் தொடங்கியது. பெயர் சட்டைக்கு ஏறிவிட்டது. அந்தப் பருவம் பாவ்லோ ரோசி அதை அணிந்துதான் ஆடினார். 1981-க்குப் பிறகு கதவு திறந்ததும் ரோமாவுக்கு பாரில்லா, அதுவும் பாஸ்தா. யுவென்டஸுக்கு அரிஸ்டன், குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும். பார்மாவுக்குப் பால் நிறுவனம் பார்மலாத். எண்பதுகளில் ஒரு இத்தாலியக் குசினிக்குள் என்னென்ன இருந்தது என்று சட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டாலே தெரியும்.

செய்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவருக்கு இது பிடிக்கும். மரடோனா காலத்து நாப்போலிச் சட்டைகளில் பெரும்பாலானவற்றைச் செய்தது என்னெர்ரே. நிக்கோலா ரக்கூலியா என்ற முன்னாள் வீரர் தன் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. கப்பா, துரின் நகரத்தில் 1916-இல் காலுறை ஆலையாகத் தொடங்கியது. லோத்தோவும் தியதோராவும் வடக்கே மொந்தபெல்லூனா வட்டாரத்துச் சப்பாத்துத் தொழிலிலிருந்து வந்தவை. மொதேனாவுக்குப் பக்கத்தில் கார்பி என்று ஒரு ஊர், பின்னலாடைக்கே பெயர்போனது, உங்கள் ஊர் மாதிரி. அந்தக் காலச் சட்டைகளை மதிக்கத் தெரிந்த கை உங்களிடம் இருக்கிறது தம்பி. துணியைத் தடவிப் பார்த்தே அதன் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை, சொல்கிறவர்கள் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். இங்கே கனகாலம் சேர்க்கிற பலருக்கு அது வராது.

சட்டையை உட்புறம் திருப்புங்கள். வெளிப்புறத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் போலி செய்கிறார்கள். உள்ளே கவனம் குறைவு. தைத்த சின்னமானால் பின்பக்கம் நூல் எப்படி ஓடியிருக்கிறது, இலக்கத்தைத் தைத்திருக்கிறார்களா ஒட்டியிருக்கிறார்களா, கழுத்து ரிப் உடம்புத் துணியோடு சேருமிடத்தில் ஓவர்லாக் தையல் எப்படி, கழுவும் குறிப்புச் சீட்டின் எழுத்து மங்கியிருக்கிறதா, இதையெல்லாம் பாருங்கள். எண்பதுகளில் பல சட்டைகளில் விளம்பர எழுத்து வெல்வெட் மாதிரி இருக்கும். விரலை ஒரு பக்கம் இழுத்தால் மென்மை, மறுபக்கம் இழுத்தால் சொரசொரப்பு. நாற்பது வருடத்தில் அதன் ஓரங்கள் உதிர்ந்து, நடுவில் வெடிப்பு விட்டிருக்கும். பழசாகக் காட்டுவதற்காகத் தேய்த்த சட்டையில் தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும். உண்மையில் போட்டுக் கழற்றிய சட்டை அப்படித் தேயாது. அக்குளில் துணி மெலிந்திருக்கும், கழுத்தின் பின்பக்கம் மஞ்சள் ஏறியிருக்கும், முன்பக்கம் யாரோ பிடித்து இழுத்த இடத்தில் ஒரு நூல் வெளியே வந்திருக்கும்.

நானும் ஏமாந்திருக்கிறேன். பலெர்மோவுக்கு வந்த புதிதில், பியாத்சா மரீனாவில் அந்தப் பெரிய அத்தி இன மரத்தைச் சுற்றி ஞாயிறு காலை கூடும் பழைய பொருள் சந்தையில், ஒரு மிலான் சட்டை வாங்கினேன். 1989-இல் பார்சலோனாவில் நடந்த ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஸ்டேயா புக்கரெஸ்டை 4-0 என்று வென்ற பருவத்தின் சட்டை என்றார் விற்றவர். குல்லிட் இரண்டு, வான் பாஸ்டன் இரண்டு அடித்த ஆட்டம். அந்தப் பெயர்களைக் கேட்டதும் எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. ஒரு வாரச் சாப்பாட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். நெஞ்சில் 'மெதியோலானும்' என்ற விளம்பர எழுத்து, பக்கத்தில் அடிடாஸ் சின்னம். இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது, 1989-இல் மிலானுக்குச் சட்டை செய்தது கப்பா. அடிடாஸ் 1990-இல்தான் வந்தது. தவிர, 1988-இல் பட்டம் வென்றதால் 1988-89 சட்டையில் கேடயம் இருக்க வேண்டும். என்னுடையதில் இல்லை.

பெட்டிக்குள் சுருட்டிப் போட்டேன். பிறகு ஒருநாள் திரும்ப எடுத்து வடிவாகப் பார்த்தேன். துணி சரி. தையல் சரி. சீட்டு சரி. 'மெதியோலானும்' என்ற விளம்பரம் 1992-இல் போய்விட்டது. ஆகவே அது 1990-க்கும் 1992-க்கும் இடைப்பட்ட அசல் சட்டை. சொன்ன கதைதான் பொய். 1991-92-இல் மிலான் 34 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது. அதற்கு முந்தைய பருவமா அந்தப் பருவமா என்று இன்னும் அலசிக்கொண்டிருக்கிறேன். என் அலமாரியில் முதலாவதாகத் தொங்குவது அதுதான்.

இன்னொரு சட்டையைப் பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர் நாப்போலி ஊர்க்காரர். என் சேகரிப்பைப் பார்க்க வந்தவர், அடுத்த நாள் தன் அப்பாவின் சட்டையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். நீலம் கொஞ்சம் பச்சை கலந்த மாதிரி. புய்தோனி என்ற எழுத்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. செய்த நிறுவனத்தின் சின்னமே இல்லை. 1987 மே மாதத்தில் மைதானத்துக்கு வெளியே வீதியில் வாங்கியது. நாப்போலியில் இப்படிப்பட்ட போலிச் சரக்குக்குப் பெட்சொத்தோ என்று பெயர். அவர் அதை மறைக்கவில்லை, 'பெட்சொத்தோதான்' என்று சொல்லித்தான் விரித்தார். வலது தோளில் ஒரு கிழிசல், கறுப்பு நூலால் தைத்திருந்தது. பட்டம் உறுதியான அன்று இரவு யாரோ தோளில் ஏறியபோது கிழிந்ததாம். அம்மா வீட்டில் அகப்பட்ட நூலால் தைத்தாராம். கழகம் அந்தச் சட்டையை ஏற்காது. ஏலக்காரர் கையால் தொடமாட்டார். எனக்கு அது மூன்று நிமிடம் தொடர்ந்து பார்க்க முடியாத சட்டையாக இருந்தது, கண் கலங்கிவிட்டது. போலி என்பதிலும் இத்தனை வேறுபாடு இருக்கிறது தம்பி. அது அந்த நாளின் போலி. உங்களுடையது அந்த நாளைப் பார்க்காத போலி. அதுதான் எனக்கு உங்களுக்காக வருத்தம்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டீர்கள். நாப்போலியிலிருந்து வேண்டாம். மரடோனா பெயர் இருக்கிற இடத்தில் பணமும் போலியும் அதிகம். எனக்கு விருப்பமானது சம்ப்தோரியா. நீலத்தின் நடுவே வெள்ளை, சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று பட்டைகள், அவற்றின் மீது ஜெனோவா நகரத்தின் சிவப்புச் சிலுவைக் கேடயம். இத்தாலியில் இதைவிட வடிவான சட்டை இல்லை என்பது என் கருத்து, யாரோடும் வாதாடத் தயார். வியாலியும் மன்சீனியும் ஆடி 1991-இல் பட்டம் வென்ற அணி. ஸ்குதெத்தோ 1991-92 சட்டையில்தான் இருக்கும், இப்போது உங்களுக்கே தெரியும். பார்மாவின் தொண்ணூறுகள் நல்லது. 1998-99-இல் மஞ்சளும் நீலமும் குறுக்குப் பட்டையாக லோத்தோ செய்தது, அந்த அணி மாஸ்கோவில் மார்செய்யை 3-0 வென்று யூஈஎஃப்ஏ கிண்ணம் எடுத்தது. 1985-இல் ஒரே ஒரு முறை பட்டம் வென்ற வெரோனா, கேனன் என்ற எழுத்தோடு, கிடைத்தால் விடாதீர்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். பியொரென்டினா 1992-93-இல் வெளியூர் ஆட்டங்களுக்கு அணிந்த வெள்ளைச் சட்டையில், கோடுகள் குறுக்கே ஓடிய இடத்தில் தற்செயலாக நாஜிச் சின்னம் போன்ற வடிவம் வந்துவிட்டது. கண்டுபிடித்ததும் பாதிப் பருவத்தில் திரும்பப் பெற்றார்கள். அரிது என்பதால் எல்லோரும் தேடுகிறார்கள், எல்லோரும் தேடுவதால் போலி மலிந்துவிட்டது. தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பழைய மாதிரியிலேயே இப்போது புதிதாகச் செய்து விற்கிற சட்டைகளும் உண்டு. போட்டுக்கொள்ள நல்லவை, 'ரெட்ரோ' என்று சொல்லி விற்றால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. விலை கேட்கும்போது மட்டும் பழசின் விலையைக் கொடுக்காதீர்கள்.

விற்றவருக்கு நான் மேலே சொன்ன மூன்றையும் எழுதி அனுப்புங்கள்: பெயர் 1995-க்குப் பிறகு, மார்ஸ் 1988-க்குப் பிறகு, கேடயம் அடுத்த பருவத்தில். சண்டை வேண்டாம், தேதிகளை மட்டும் எழுதுங்கள். தெரியாமல் விற்றவரானால் பணத்தைத் திருப்பக்கூடும்.

அடுத்த சட்டை வாங்குமுன் எனக்குப் படம் அனுப்புங்கள். முன்பக்கம் ஒன்று போதும். உட்புறம் ஐந்தாறு வேண்டும்: கழுத்துச் சீட்டு, கழுவும் சீட்டு, சின்னத்தின் பின்பக்கம், இலக்கத்தின் ஓரம், அக்குள் தையல். வெயிலில் வைத்து எடுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை பியாத்சா மரீனாவுக்குப் போகிறேன். சம்ப்தோரியா ஏதும் கண்ணில் பட்டால் உங்கள் நெஞ்சு அளவுக்குப் பார்க்கிறேன். அளவை எழுதுங்கள், சென்டிமீட்டரில். பழைய இத்தாலிய அளவுகள் சின்னவை.

அன்புடன்,
அண்ணா
பலெர்மோ