பூ முடிந்தது, இலையில் மட்டும் கை வைக்காதீர்கள்

கேள்வி: தோட்டத்தில் டாஃபடிலும் டூலிப்பும் பூத்து ஓய்ந்துவிட்டன. இலைகள் சரிந்து கிடப்பது அசிங்கமாக இருக்கிறது. வெட்டிவிடலாமா? கிழங்குகளைத் தோண்டி எடுக்க வேண்டுமா?

பதில்: வாடிய பூவை மட்டும், அடியில் உருண்டு வரும் விதைப்பையோடு சேர்த்துக் கிள்ளிவிடுங்கள். இல்லையென்றால் விதை பிடிக்கவே சத்து போய்விடும். பச்சையாக இருக்கும் தண்டு இருக்கட்டும்.

இலையை வெட்டவே வேண்டாம். கிழங்கில் சத்தைச் சேர்த்து வைப்பது அதுதான். டாஃபடிலுக்கு அடுத்த வருட மொட்டு, இந்த வருடப் பூ முடிந்த கொஞ்ச நாளிலேயே கிழங்குக்குள் உருவாக ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் இலையை எடுத்தாலோ மண் காய்ந்தாலோ, மறு வருடம் வெறும் இலைதான் வரும். குறைந்தது 6 வாரம் பொறுங்கள். இலை பச்சையாக இருக்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். தக்காளிச் செடிக்குப் போடும் பொட்டாஷ் மிகுந்த திரவ உரமும் கொடுக்கலாம். சிலர் இலைகளைப் பின்னி முடிச்சுப் போட்டு வைப்பார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கலாம், ஆனால் வெயில் படும் பரப்பு குறைந்துவிடும். கண்ணை உறுத்தினால் முன்னால் வேறு செடி வைத்து மறைப்பதே மேல்.

டாஃபடிலைத் தோண்ட வேண்டியதில்லை. கூட்டம் நெருங்கி, பூ குறைந்தால் மட்டும் இலை காய்ந்த பிறகு எடுத்துப் பிரித்து நடுங்கள்.

டூலிப் அப்படியல்ல. இலை மஞ்சளானதும் ஒன்றைத் தோண்டிப் பாருங்கள்: நீங்கள் நட்ட கிழங்கு காய்ந்த தோலாகிப் போயிருக்கும், அந்த இடத்தில் பெரிதும் பொடியுமாகப் புதுக் கிழங்குகள் இருக்கும். பெரியவைதான் அடுத்த வருடம் பூக்கும். அதுவும் கோடையில் ஈரமில்லாமல் கிடந்தால்தான். அதனால் மண் ஈரம் பிடித்து நிற்கும் இடமென்றால் எடுத்துவிடுவது நல்லது. மண்ணை உதறி, நிழலில் உலர்த்தி, அமுக்கினால் கொழகொழப்பவற்றையும் பூஞ்சணம் பிடித்தவற்றையும் எறிந்துவிட்டு, மற்றதை வலைப்பையில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், அழுகிவிடும். இலையுதிர் காலக் கடைசியில் திரும்ப நடலாம். உண்மையைச் சொன்னால், பகட்டான கலப்பின டூலிப் பலவும் இரண்டாம் வருடம் சுமாராகத்தான் பூக்கும். அது உங்கள் பராமரிப்பின் குறையல்ல.

பை தொங்கும் இடத்தில் பழுக்கும் பழங்கள் இருக்கக் கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு டூலிப் கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். அப்புறம், பையில் மறக்காமல் பெயர் எழுதி ஒட்டுங்கள். டாஃபடில் கிழங்கு பார்க்க வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் விஷம்.