ஞாபக மாத்திரையோடு சிறுநீர் மாத்திரை சேரலாமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு 74 வயது. மறதி நோய்க்கு டோனபெசில் சாப்பிட்டு ஓரளவு தெளிந்திருந்தார். சிறுநீர் அடக்க முடியவில்லை என்று வேறொரு மருத்துவரிடம் காட்டியபோது ஆக்ஸிபியூட்டினின் கொடுத்தார். அதன் பிறகு அடுப்பில் பால் வைத்ததே நினைவில்லை. சொந்த வீட்டில் இருந்துகொண்டே, பொழுது சாய்ந்தால் "வீட்டுக்குப் போக வேண்டும்" என்கிறார். டோனபெசிலை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். எனக்குச் சந்தேகம் இரண்டாவது மாத்திரையின் மேல்தான்.

புதிய செய்தியை மனத்தில் பதிய வைக்க மூளைக்கு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் தேவை. அல்சைமர் என்ற மறதி நோயில் அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. மிஞ்சியிருப்பதும் சீக்கிரம் சிதைந்துவிடாமல் டோனபெசில் தடுக்கிறது, நோயைக் குணப்படுத்துவதில்லை. ஆனால் அசிட்டைல்கோலின் வேலை செய்ய, நரம்பணுவின் மேலுள்ள ஏற்பிகளில் அது போய் ஒட்ட வேண்டும். அவற்றில் மஸ்காரினிக் வகை ஏற்பிகள் நினைவாற்றலுக்கு முக்கியமானவை. அதே வகை சிறுநீர்ப்பையிலும் உண்டு. ஆக்ஸிபியூட்டினின் சிறுநீர்ப்பையில் உள்ளதை அடைப்பதோடு நிற்காமல் மூளைக்குள்ளும் புகுந்து அடைக்கிறது. கன்னடியன் கால்வாயில் தண்ணீரைக் கூட்டிவிட்டு வயல் மடையை அடைத்தால் பயிருக்கு என்ன கிடைக்கும்?

இன்னொன்றும் உண்டு. சிறுநீர் அவசரம் டோனபெசிலின் பக்கவிளைவாகவே வந்திருக்கலாம். ஒரு மருந்தின் விளைவைப் புது நோய் என்று எண்ணி, அதற்கு நேர் எதிரான மருந்தைக் கொடுப்பது முதியவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது. இது என்னை மிகவும் வருத்துகிறது; எல்லா மாத்திரைகளையும் ஒருவரே பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

அதனால் வீட்டிலுள்ள மாத்திரை, டானிக் அனைத்தையும் ஒரு பையில் போட்டு நரம்பியல் மருத்துவரிடம் இந்த வாரமே கொண்டுபோங்கள். சளிக்கும் அரிப்புக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் இதே ஏற்பிகளை அடைப்பவை. சிறுநீர்ப்பைக்கு மருந்து அவசியம்தான் என்றால் மிராபெக்ரான் பொருந்துமா என்று கேளுங்கள்; அது வேறு ஏற்பியில் வேலை செய்கிறது, இரத்த அழுத்தத்தை மட்டும் கவனிக்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தாலே புத்தி தடுமாறலாம்.

அம்மா தலைசுற்றி விழுந்தாலோ நாடி மிகவும் மெதுவாகத் துடித்தாலோ அந்த வாரச் சந்திப்புக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய் ஈசிஜி எடுங்கள். டோனபெசில் இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது.