மூணு பேரும் ஒரு பட்டையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்குக் குளச்சல் பக்கம் கடலோர ஊர். மலையில் நடக்கும் ஒரு சின்ன ட்ரையத்லானில் ஏரியில் 500 மீட்டர் நீச்சல், 15 கிலோமீட்டர் சைக்கிள், 4 கிலோமீட்டர் ஓட்டம். மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொன்றாக ரிலே செய்யலாம். ஒரு டீமில் நீந்த வேண்டியவர் விலகியதால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற இரண்டு பேரையும் எனக்கு முன்பின் தெரியாது. ஒருத்திக்கு மார்த்தாண்டம், ஒருத்தருக்குக் குலசேகரம். வாட்ஸ்அப்பில் அவர்கள் போடும் நேரக் கணக்கைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. என்னால் அவர்கள் பின்தங்கிவிடுவார்களோ? இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.
– வாசகி, குளச்சல்

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம் தங்கச்சி, பாதி பயம் அதிலேயே போய்விடும். 500 மீட்டர் என்பது நன்றாகப் பழகியவருக்குப் பத்து நிமிடம், நிதானமாக நீந்துகிறவருக்குப் பதினைந்து. மலை ரோட்டில் 15 கிலோமீட்டர் சைக்கிள் என்றால் முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும், மேட்டு ஓட்டத்துக்கு இன்னொரு அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆக, மூன்றில் ஆகச் சின்னப் பங்கு உங்களுடையதுதான். ஒலிம்பிக் தூரத்திலும், அதாவது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம் என்பதிலும், சைக்கிள்தான் கிட்டத்தட்ட பாதி நேரத்தை எடுத்துக்கொள்ளும். நீங்கள் மூச்சு முட்ட நீந்தி மிச்சம் பிடிக்கும் இரண்டு நிமிடத்தை ஒரு பஞ்சர் தின்றுவிடும். அதனால் டீமை நீங்கள் பின்னுக்கு இழுத்துவிடுவீர்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

டீம் நேரத்தை வீணாக்குவது வேறு இடத்தில், அதாவது ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்கும் அந்த இடத்தில். நேரத்தைப் பதிகிற டைமிங் சிப் ஒரு பட்டையில் இருக்கும், அதைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு நீந்த வேண்டும், கரையேறி ஓடிவந்து சைக்கிள் ஸ்டாண்டில் காத்திருப்பவரிடம் கொடுக்க வேண்டும். கேட்க லேசாக இருக்கும். ஆனால் குளிர்ந்த தண்ணீரிலிருந்து வந்த விரல் மரத்துப்போய் ஒட்டுப்பட்டையின் (வெல்க்ரோ) நுனியைப் பிடிக்க வராது, தலை கிறுகிறுக்கும், ஒற்றைக் காலில் நிற்க முடியாது, பக்கத்தில் பத்து டீம் கத்திக்கொண்டிருக்கும். அதனால் பட்டையை நீங்கள் அவிழ்க்கவே வேண்டாம். வந்ததும் சைக்கிள் ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள், அவர் குனிந்து உங்கள் காலிலிருந்து உரித்துத் தன் காலில் ஒட்டிக்கொள்ளட்டும். இடது காலில் கட்டுவது நல்லது. சைக்கிளின் செயின் வலது பக்கம் ஓடுகிறது, இடது காலில் இருந்தால் உரசாது. அவர் ஹெல்மெட்டை மாட்டி, தாடைக் கொக்கியைப் போட்ட பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும், சைக்கிள் ஏறுவதற்கென்று போட்டிருக்கும் கோடு தாண்டும் வரை ஏறாமல் தள்ளிக்கொண்டுதான் ஓட வேண்டும். இந்த விதிகளில் ஒன்று தவறினாலும் தண்டனை உண்டு. தையல் கடையில் ஒரு முழம் ஒட்டுப்பட்டை வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் தக்கலையில் சந்தியுங்கள், மூன்று பேருக்கும் அது நடு. ஒரு மைதானத்தில் கை கால் நனைத்துக்கொண்டு இதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். முன்பின் தெரியாத இரண்டு பேரோடு பேச்சு எடுப்பது எப்படி என்ற தயக்கமும் அங்கேயே தீர்ந்துவிடும், ஒருவர் காலை ஒருவர் பிடித்த பிறகு என்ன தயக்கம்!

அன்றைக்கே உங்கள் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். நல்ல நாளில் நீந்திய நேரத்தை அல்ல, சோர்ந்த நாளில் நீந்தியதை. பதினாறு நிமிடம் ஆகும் என்று தெரிந்தால் சைக்கிள்காரர் பதினான்காவது நிமிடம் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்பார், பதினொன்று என்று நம்பியிருந்தால் ஐந்து நிமிடம் கரையைப் பார்த்துப் பதறிக்கொண்டிருப்பார், அந்தப் பதற்றத்தோடு சைக்கிள் ஏறுவார். மலை இறக்கத்தில் பதற்றம் ஆகாது. அவர்களும் இதேபோல் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள், கேட்பதில் ஒரு தப்பும் இல்லை.

சரி, நீச்சலுக்கு வருவோம். கடலில் நீந்திப் பழகிய உங்களுக்கு ஏரி கொஞ்சம் ஏமாற்றும். உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும், நல்ல தண்ணீரில் இடுப்பும் காலும் இறங்கும், அதனால் அதே தூரத்துக்குக் கூடுதலாகக் களைப்பு வரும். எனவே வாரத்தில் இரண்டு நாளாவது நாகர்கோவில் பக்கம் ஏதாவது நீச்சல் குளத்துக்குப் போங்கள். 25 மீட்டர் குளம் என்றால் இருபது முறை போனால் உங்கள் தூரம். ஏரியில் அடியில் கோடு இருக்காது, ஏழெட்டு கை வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி மிதவையைப் பார்த்துக்கொள்ளப் பழகுங்கள், இல்லாவிட்டால் 500 மீட்டர் 600 ஆகிவிடும். மலைத் தண்ணீர் குளிரும், முதல் ஒரு நிமிடம் மூச்சு தானாகவே படபடக்கும், அது எல்லாருக்கும் வரும். தொடங்குவதற்கு முன் முகத்திலும் பிடரியிலும் தண்ணீரை அடித்துக்கொண்டு, மூச்சை நீளமாக வெளியே விட்டுக்கொண்டே மெதுவாக இறங்கினால் அடங்கிவிடும். ஓட்டக்காரியிடம் உங்கள் துண்டையும் ஸ்வெட்டரையும் கொடுத்து வையுங்கள், அவர் முறை வர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். பட்டையைக் கொடுத்து முடித்த பிறகுதான் உங்களுக்கு நடுக்கம் பிடிக்கும்.

ஒன்றை மட்டும் அக்கா கண்டிப்பாகச் சொல்கிறேன். பயிற்சி என்று தனியாகக் கடலில் இறங்காதீர்கள். நம் கரையில் கள்ளக்கடல் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றே இல்லாமல், எங்கோ தெற்கே தூரத்துக் கடலில் அடித்த புயலின் அலை சத்தமில்லாமல் வந்து கரையை வாரிவிடும். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அப்படித்தான் இழந்தோம். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் எச்சரிக்கை விட்டால் அன்றைக்குக் காலை நனைக்கக்கூட வேண்டாம், நீந்துகிற நாளிலும் ஊர் மீனவர் ஒருவர் கரையில் நிற்கட்டும்.

கேள்வி: நான் சைக்கிள் ஆள். என்னிடம் இருப்பது பழைய 21 கியர் சைக்கிள், தடித்த பட்டன் டயர். புதிதாகச் சேர்ந்த டீமில் இருக்கும் அண்ணன் ரோடு பைக் வாங்கச் சொல்கிறார். அவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன்? பயிற்சிக்கு எந்த ரோடு நல்லது?
– வாசகர், குலசேகரம்

பதில்: வாங்காதீர்கள் தம்பி. மேடு நிறைய இருக்கிற போட்டியில் உங்கள் சைக்கிளின் சின்ன கியர்தான் காப்பாற்றும், பல ரோடு பைக்குகளில் அவ்வளவு சின்ன கியர் இருக்காது, பழகாதவர்கள் பாதி மேட்டில் இறங்கித் தள்ளுவார்கள். போட்டி முழுக்கத் தார் ரோடு என்றால் பட்டன் டயரைக் கழற்றிவிட்டு மொழுக்கென்ற டயர் போடுங்கள், ரோடு இழுப்பது நன்றாகக் குறைந்துவிடும். மண் ரோடு கொஞ்சமாவது உண்டு என்றால் இருப்பதே இருக்கட்டும். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், அதில் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம்.

ரோடு பற்றிக் கேட்டீர்களே, உங்கள் வாசலிலேயே இருக்கிறது. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில் ஏற்றமும் இறக்கமும் வளைவும் மாறி மாறி வரும், அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மேடு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறையுங்கள், நடு மேட்டில் அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடும். இறக்கத்தில் வளைவுக்கு முன்னால் நேராகப் போகும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிடுங்கள், வளைவுக்குள் போன பிறகு முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். டிசம்பர் தொடங்கி ரப்பர் இலை உதிர்கிற மாதங்களில் ரோட்டோரம் முழுக்க இலை கிடக்கும், பனியில் நனைந்த அந்த இலைமேல் டயர் நிற்காது. விடிவதற்கு முன்னால் போகிறவராக இருந்தால் முன்னும் பின்னும் லைட் வேண்டும், அந்நேரம் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் ரோட்டைக் கடப்பார்கள். காட்டை ஒட்டிய எஸ்டேட் பக்கம் நன்றாக வெளிச்சம் வரும்வரை போகவே வேண்டாம், யானை இறங்குகிற இடம் அது. காற்றுக்குப் பழக வேண்டுமென்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. அத்தனை காற்றாலைகளை அங்கே சும்மா நட்டுவைக்கவில்லை, பக்கவாட்டில் அடித்தால் ஆளையே தள்ளும். லாரி ஓடும் நாற்கரச் சாலையை விட்டுவிட்டு ஊர்ப்புற ரோட்டில் ஓட்டிப் பாருங்கள்.

அண்ணனிடம் இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். ஒருநாள் அவரையும் கூட்டிக்கொண்டு பேச்சிப்பாறை வரை மிதியுங்கள், உங்கள் காலைப் பார்த்த பிறகு சைக்கிளைப் பற்றிப் பேசமாட்டார்.

கேள்வி: என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். ட்ரையத்லான் என்று இரண்டு பையன்களோடு டீம் சேர்ந்திருக்கிறாள், எங்களுக்கு அவர்களைத் தெரியாது. ஊர்க் குளத்தில் நீந்திப் பழகுகிறாள். கேரளாவில் மூளையைத் தின்னும் அமீபா என்கிறார்கள், எனக்குத் தூக்கம் வரவில்லை.
– ஒரு தாய், பூதப்பாண்டி

பதில்: அக்கா, உங்கள் பயம் நியாயமானது, அதைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டாம். நேக்லேரியா ஃபௌலேரி என்ற அந்த அமீபா வெதுவெதுப்பான, தேங்கிய நல்ல தண்ணீரில் இருக்கும். குடித்தால் வராது, ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது, மூக்கு வழியாகத் தண்ணீர் மேலே ஏறினால்தான் ஆபத்து. அபூர்வமாகத்தான் வரும், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். அதனால் கோடையில் வற்றிக் கிடக்கும் குளத்தில் இறங்க வேண்டாம், குதிக்கவோ சேற்றைக் கலக்கவோ கூடாது, மூக்கில் கிளிப் மாட்டட்டும். குளோரின் ஒழுங்காகப் போடும் நீச்சல் குளம் கிடைத்தால் அதுவே மேல். போட்டி மலை ஏரியில் என்றால் தண்ணீர் குளிர்ந்திருக்கும், அங்கே இந்த அமீபாவுக்கான வாய்ப்பு குறைவு. மழைத் தண்ணீர் புதிதாகக் கலந்த குளத்தில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு, காலில் புண் இருந்தால் ஆறும்வரை நீச்சல் கிடையாது. நீந்திய பிறகு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கடுமையான தலைவலி, வாந்தி, கழுத்துப் பிடிப்பு என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், குளத்தில் குளித்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பையன்கள் விஷயம். வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லுங்கள். எதில் போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், யார் கூட வருகிறார்கள் என்று நேரிலேயே கேளுங்கள், நல்ல பிள்ளைகளுக்கு அதில் ஒரு சங்கடமும் இருக்காது. முடிந்தால் நீங்களும் போங்கள். பை பார்த்துக்கொள்ள, துண்டு எடுத்துக் கொடுக்க, தண்ணீர் நீட்ட, கரையில் நிற்க ஒரு ஆள் இல்லாத டீம் ரொம்பக் கஷ்டப்படும்.

கேள்வி: போட்டி காலையில் என்ன சாப்பிடலாம்? கடையில் விற்கும் ஜெல் வேண்டுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ரிலேயில் ஒரு பகுதி மட்டும் செய்கிறவருக்கு ஜெல் தேவையே இல்லை. தொடங்க இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி, இல்லையென்றால் ஏத்தன் பழம் புழுங்கியது. அரை மணி நேரம் முன்னால் ஒரு மட்டிப் பழம் போதும். முந்தின ராத்திரி மரச்சீனிக் கிழங்கு தாராளமாகச் சாப்பிடலாம், கூட எரிக்கிற மீன் கறியை மட்டும் போட்டி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் நல்லது. பழகாத எதையும் அன்றைக்குப் புதிதாகச் சாப்பிட வேண்டாம்.

கேள்வி: போன போட்டியில் என் சைக்கிள் பஞ்சர் ஆகி எங்கள் டீம் கடைசியில் வந்தது. நீந்தியவர் அன்றிலிருந்து பேசுவதில்லை. அடுத்த போட்டிக்கும் அதே டீமில்தான் பெயர் கொடுத்திருக்கிறோம். விலகிவிடலாமா?
– வாசகர், தோவாளை

பதில்: விலக வேண்டாம், போன் போடுங்கள். மெசேஜ் வேண்டாம், குரல் கேட்கட்டும். பஞ்சருக்கு மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லை, ஆனால் அவர் ஐந்து மாதம் விடிகாலையில் எழுந்து பழகியிருப்பார், அந்த வருத்தம் உண்மையானது. அதை அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள். அப்புறம் மூன்று பேரும் உட்கார்ந்து சிலதை முன்கூட்டியே பேசி வையுங்கள்: நாம் இடம் பிடிக்கப் போகிறோமா, முடித்தால் போதும் என்று போகிறோமா, நடுவில் ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர்கள் என்ன செய்வது. ஒருவர் பரிசுக்கும் ஒருவர் சந்தோஷத்துக்கும் வந்திருந்து, அது போட்டியன்றுதான் தெரியவருகிறது என்றால் மனஸ்தாபம் வராமல் எப்படி இருக்கும்? பேசிய பிறகும் அவர் முகம் கொடுக்காவிட்டால் இந்த ஒரு போட்டியை முடித்துவிட்டு வேறு டீம் பாருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

இந்தத் தடவை சீட்டுக்கு அடியில் மாற்று ட்யூப் ஒன்று, டயர் கழற்றும் நெம்பு இரண்டு, சின்ன பம்ப் ஒன்று இருக்கட்டும். ட்யூப் உங்கள் சக்கர அளவுக்குச் சரியா, அதன் வால்வு அந்தப் பம்பில் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள். பழைய ட்யூபைக் கழற்றியதும் புதியதைப் போடுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும், குத்திய முள் அங்கேயே இருந்தால் மாற்றிய ட்யூபும் அடுத்த வளைவிலேயே போய்விடும்.