ஈர்ப்புகள் சமப்படும் இடம் எது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

புவியினதும் சந்திரனினதும் ஈர்ப்பு சமனாகும் புள்ளியைக் கணித்தால் இரண்டு விடைகள் வருகின்றன. மறை விடையை வெட்டிவிடலாமா?
(உயர்தர மாணவி, உப்புவெளி)

வெட்டுமுன் அது சொல்வதைக் கேளுங்கள். புவியின் திணிவு சந்திரனுடையதைப் போல் ஏறத்தாழ 81 மடங்கு. ஈர்ப்பு, தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது. ஆகவே வர்க்கமூலம் எடுத்தால் தூரங்களின் விகிதம் 9:1. இடைத்தூரமான 384,400 கிலோமீற்றரைப் பத்தாகப் பங்கிடுங்கள். சந்திரனிலிருந்து ஒரு பங்கு, அதாவது 38,440 கி.மீ. தொலைவில் சமப்புள்ளி. இருபடிச் சமன்பாட்டோடு மல்லுக்கட்டவே தேவையில்லை.

வர்க்கமூலத்துக்கு −9 என்றும் ஒரு பெறுமானம் உண்டு. அது காட்டும் இடம் சந்திரனுக்கு அப்பால் 48,050 கி.மீ. அங்கும் இரண்டு ஈர்ப்புகளும் அளவில் சமன்தான். ஆனால் இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதால் கூடிவிடுகின்றன. 'தூரம் மறையாக இராது' என்று எழுதித் தப்பிக்காமல், திசையைக் காரணம் காட்டுங்கள். பௌதிகவியல் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

அந்தப் புள்ளியில் ஒரு செய்மதியை நிறுத்தி வைக்கலாமா?
(வாசகர், மூதூர்)

முடியாது. சந்திரன் 27 நாட்களுக்கு ஒருமுறை புவியைச் சுற்றுகிறது. செய்மதியும் கூடவே சுற்ற வேண்டுமானால் புவிப்பக்கமாக மிகுதி இழுவை வேண்டும். சமப்புள்ளியில் அந்த மிகுதி பூச்சியம். எனவே புவிப்பக்கம் தள்ளி, சந்திரனிலிருந்து ஏறத்தாழ 58,000 கி.மீ. தொலைவில்தான் அது கூடிச் சுற்றும். அதுவே எல்1 எனப்படும் லக்ராஞ்சிப் புள்ளி. சூரியனுக்கும் புவிக்கும் இடையில் வித்தியாசம் இன்னும் பெரிது: சமப்புள்ளி புவியிலிருந்து சுமார் 2.6 இலட்சம் கி.மீ.; எல்1 சுமார் 15 இலட்சம் கி.மீ. இந்தியாவின் ஆதித்யா எல்1 விண்கலம் 2024 ஜனவரி முதல் சுற்றிவருவது இந்த இரண்டாவதை.

சந்திரன் அந்த 2.6 இலட்சத்துக்கு வெளியே அல்லவா இருக்கிறது? சூரியன் ஏன் அதைப் பறித்துக்கொள்ளவில்லை?
(ஆசிரியர், கிண்ணியா)

அருமையான கேள்வி. சந்திரனைச் சூரியன் இழுப்பது புவி இழுப்பதைவிட இரு மடங்குக்கும் மேல். ஆனால் புவியையும் அது ஏறக்குறைய அதே முடுக்கத்துடன் இழுக்கிறது. ஒரே ஆற்றோட்டத்தில் போகும் இரண்டு தோணிகளை அந்த ஓட்டம் பிரிப்பதில்லை. இழுவைகளின் வித்தியாசம்தான் பிரிக்கும்; அது மிகச் சிறிது.

நம் துறைமுகத்து வற்றுப்பெருக்கும் இந்த வித்தியாசத்தின் வேலைதான். சூரியன் புவியை இழுப்பது சந்திரனைவிட ஏறத்தாழ 180 மடங்கு. ஆயினும் கடலை உயர்த்துவதில் சூரியனின் பங்கு சந்திரனுடையதில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

சமப்புள்ளிக்குப் போனால்தான் எடை இழக்குமா?
(மாணவன், தம்பலகாமம்)

இல்லை. சுமார் 400 கி.மீ. உயரத்தில், தரையிலுள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 89 சதவீதம் இருக்கும்போதே விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதக்கிறார்கள். நிலையமும் அவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதுதான் காரணம்.