கொட்டியாரக் குடாவின் அக்கரை

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு இரண்டு நாள் திருகோணமலைக்குச் செல்கிறோம். கோணேசர் கோயிலையும் கோட்டையையும் பார்த்துவிட்டுத் திரும்புவதாக எண்ணம். மகாவலி கடலில் கலக்கும் கொட்டியாரக் குடாவை ஒட்டிப் பார்க்கத்தக்க பழைய இடங்கள் வேறு உண்டா?
– வவுனியா வாசகி ஒருவர்

பதில்: உண்டு. ஆனால் நீங்கள் குறிப்பிட்ட இரண்டையும் அவசரமாகப் பார்த்துவிடாதீர்கள். கோயிலுக்குப் போகும் வழியே கோட்டைக்குள்தான் செல்கிறது; பலரும் ஆட்டோவில் அமர்ந்தபடியே வாயிலைக் கடந்துவிடுகிறார்கள். அங்கே இறங்கி நின்றால், கல்லில் செதுக்கிய இரட்டை மீன் சின்னத்தையும், குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கியர் பிரிப்பர் என்று பொருள் கொள்ளப்படும் சிதைந்த தமிழ் வரிகளையும் காணலாம். சம்பந்தர் பாடிய அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களையே கோட்டைச் சுவருக்கு எடுத்துக்கொண்டனர். பின்னர் ஒல்லாந்தர் வசமும், 1795இல் ஆங்கிலேயர் வசமும் ஆன கோட்டைக்கு, 1803இல் பிரெட்ரிக் என்ற பெயர் வந்தது. இப்போது அதற்குள் புள்ளிமான்கள் மேய்கின்றன.

இனி அக்கரை. கோணேசர் மலையிலிருந்து தெற்கே பார்த்தால், நீர்ப்பரப்புக்கு அப்பால் தாழ்வான கோடு போல ஒரு கரை தெரியும். மூதூர் அங்கேதான் இருக்கிறது. கண்டியை வளைத்து ஓடி, 335 கிலோமீற்றர் கடந்து வரும் மகாவலி இந்தக் குடாவில் கலக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அந்தக் கொட்டியாரக் கரை கண்டி அரசனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், இங்கே பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நாக்ஸின் கதை விளங்கும்.

1659இல் சோழமண்டலக் கரையில் புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பல் ஒன்று, புதிய மரம் வெட்டிக்கொள்வதற்காக இக்குடாவுக்கு வந்தது. சில காலம் இணக்கமாகவே பழகிய பின், கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள், புளியமரத்தடியில் அமர்ந்திருந்த கப்பல் தலைவரையும் உடனிருந்தவர்களையும் பிடித்துக்கொண்டார்கள். மரம் வெட்டப் போனவர்களும் அகப்பட்டார்கள். மொத்தம் 16 பேர். தலைவரின் மகனான இளைய நாக்ஸுக்கு அப்போது வயது இருபதுக்குள்தான். கப்பலுக்குச் செய்தி சொல்ல அனுப்பப்பட்ட அவர், அப்படியே தப்பிப் போயிருக்கலாம். தந்தைக்குக் கொடுத்த வாக்குக்காகத் திரும்பி வந்தார். ஓராண்டுக்குள் தந்தை காய்ச்சலில் இறக்க, மகன் 1679இல்தான் மன்னாருக்குத் தெற்கேயுள்ள அரிப்புக் கோட்டையை அடைந்து விடுதலை பெற்றார். அவர் எழுதிய இலங்கை வரலாறு 1681இல் இலண்டனில் அச்சாயிற்று. கப்பல் தலைவர் பிடிபட்டதைக் குறிக்கும் கல் 1893இல் மூதூர்ப் பக்கம் நடப்பட்டது. பெரிய நினைவுச்சின்னத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே. இக்கதையை அறிந்தவர்க்கு அந்தச் சிறு கல்லே போதும்.

தெற்கே செல்ல நேரமிருந்தால் சேருவிலை விகாரையையும், வெருகல் முருகன் கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோணேசர் கோயில் இடிபட்ட பின் அதன் வழிபாடு தொடர்ந்த இடமாகப் போற்றப்படும் தம்பலகாமம் ஆதிகோணேசர் கோயில், குடாவின் மேற்கே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. பாதை எனப்படும் மிதவைகளில் ஏறி ஒவ்வொரு துறையாகக் கடந்த காலம் போய்விட்டது. 2009இல் திறந்த 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் வழியாக வாகனத்திலேயே மூதூருக்குச் செல்லலாம்.

கேள்வி: இவ்வளவு பெரிய ஆறு மணலைக் கொண்டுவந்து கொட்டியும் திருகோணமலைத் துறைமுகம் தூர்ந்து போகாதது ஏன்?
– யாழ்ப்பாண வாசகர் ஒருவர்

பதில்: ஆற்றின் வாய் குடாவின் தென்கரையில் இருக்கிறது; உள்துறைமுகமோ வடமேற்கே, மேட்டு நிலங்களின் மறைவில் ஒதுங்கியிருக்கிறது. இரண்டுக்கும் இடையே, கடலடியில் ஆழமான ஒரு பள்ளத்தாக்கு குடாவுக்குள்ளேயே தொடங்கி வங்கக் கடலின் ஆழத்துக்கு இறங்குகிறது. ஆற்று வண்டலில் பெரும்பகுதி அதன் வழியே கீழே போய்விடுகிறது. கரைக்கு இவ்வளவு அருகில் கடல் ஆழமாக இருப்பதால்தான், திருகோணமலையிலிருந்து படகில் சிறிது தூரம் போனாலே நீலத் திமிங்கிலங்களைப் பார்க்க முடிகிறது.