ஓவன் சூடு சரியில்லையா? முதலில் அளந்து பாருங்கள்

கே: 180-இல் வைத்தால் கேக் மேலே கருகுகிறது, நடுவில் மாவாகவே இருக்கிறது. சூட்டை உணரும் சென்சாரை மாற்றிவிடலாமா? (வாசகி, மதுரை)

அவசரப்படாதீர்கள். ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றை நடுத்தட்டில் வைத்து, அரைமணி நேரம் ஓடவிட்டு, கண்ணாடி வழியாக அடிக்கடி பாருங்கள். 170-க்கும் 190-க்கும் நடுவே ஏறி இறங்கினால் ஓவன் நன்றாகத்தான் இருக்கிறது. கேக் டின்னை ஒரு தட்டு கீழே இறக்குங்கள். எப்போதும் 30 டிகிரி கூடுதலாகவே நின்றால்தான் சென்சார் மேல் சந்தேகம். அப்போதும் அளந்த பிறகே வாங்க வேண்டும்.

கே: என் ஓவனில் இருப்பது பிடி1000 (சூடு ஏற ஏற ஓம், அதாவது மின்தடை, கூடும் வகை) சென்சார். மல்டிமீட்டரில் 1.1 ஓம்தான் வருகிறது. ஷார்ட்டா? (கோவை)

திரையின் ஓரத்தைப் பார்க்கவில்லையே! கிலோ ஓம் குறி இருந்திருக்கும். 1.1 கிலோ என்றால் 1,100 ஓம். 30 டிகிரி அறையில் பிடி1000 சுமார் 1,115 காட்ட வேண்டும், அதற்கு மேல் டிகிரிக்கு 4 ஓம் போலக் கூடும். உங்கள் சென்சார் நல்ல சென்சார். அளக்கும் முன் பிளக்கைப் பிடுங்கினீர்களா என்று எழுதவில்லை. சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும்.

கே: திருகுக் குமிழ் வைத்த ஓடிஜிக்குப் பிடி1000 வாங்கிவிட்டேன். எங்கே பொருத்துவது?

எங்கேயும் இல்லை. அதில் இந்த சென்சார் கிடையாது; இருப்பது, சூட்டைத் தானே உணர்ந்து ஹீட்டரை அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட். திருப்பி அனுப்புங்கள்.

கே: ஓவன் பாதியில் அணைந்துகொண்டே இருந்தது. மெக்கானிக் கட்-அவுட்டை டைரக்ட் செய்துவிட்டார். இப்போது நன்றாக ஓடுகிறது. சென்சாரையும் மாற்றட்டுமா? (சேலம்)

இன்றைக்கே பிளக்கைப் பிடுங்குங்கள். சென்சார் கதை அப்புறம்.

சென்சார் பொய் சொன்னாலோ, ஹீட்டரைப் போட்டு அணைக்கும் ரிலே ஒட்டிக்கொண்டாலோ, ஹீட்டரை நிறுத்தக் கடைசியாக இருப்பது கட்-அவுட் என்கிற அந்தக் காசளவுத் துண்டுதான். சில நூறு ரூபாய்ப் பொருள். இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டு, "சரியாகிவிட்டது" என்று காசு வாங்கிப் போகிறவர்களை வருடக்கணக்கில் பார்க்கிறேன். ஒரு வீட்டில் ஓவனை வெளியே இழுத்தபோது பின்னால் இருந்த பிளைவுட் டிக்காஷன் நிறத்தில் வெந்திருந்தது; டேப் உருகி ஒயரோடு வழிந்திருந்தது. அந்த வீட்டில் கைக்குழந்தை வேறு.

கட்-அவுட் அடிக்கடி மின்சாரத்தைத் துண்டித்தால் ஏன் துண்டிக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் கூலிங் ஃபேன் நின்றிருக்கும். இல்லாவிட்டால் தச்சர் அழகுக்காக அலமாரியின் காற்று இடைவெளியை அடைத்திருப்பார். புதிய கட்-அவுட்டை அதே டிகிரி எண் பார்த்துப் போடச் சொல்லுங்கள். டைரக்ட் செய்யும் ஆளை மறுபடி கூப்பிடாதீர்கள்.

கே: சென்சார் குச்சியை ஸ்டீல் நாரால் தேய்க்கலாமா?

வேண்டாம். ஓவன் ஆறியதும் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கே: ஆறியிருக்கும்போது 1,110 ஓம். சூடானால் எரர் வருகிறது. (திருச்சி)

அளந்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சென்சாரைக் கழற்றி, மீட்டரை மாட்டி, நுனியை மட்டும் கொதிக்கும் நீரில் விடுங்கள், கனெக்டர் நனையக்கூடாது. 1,385-ஐ ஒட்டி வந்து நின்றால் சென்சார் பெரும்பாலும் பிழைத்தது. நடுவே எண் துள்ளினாலோ காணாமல் போனாலோ மாற்றுங்கள். துள்ளவில்லை என்றால் பின்பக்கக் கனெக்டரைப் பாருங்கள், உள்ளே இருக்கும் உலோக முனை கறுத்திருக்கும்.